மலை இறங்கும் காருக்குப் பெரிய பிரேக் தேவையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்ரோட்டில் ஒரு டீ சொல்லிவிட்டு நின்று பாருங்கள். கொடைக்கானலிலிருந்து இறங்கும் கார்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டும். கதவு திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிடும். கருகிய துணியும் சுட்ட இரும்பும் கலந்த வாடை. போன சீசனில் அப்படி ஒரு மஞ்சள் கார் வந்து நின்றது. தாழ்ந்த உடம்பு, அகன்ற டயர், பின்னால் இரட்டைச் சைலன்சர். இறங்கிய இளைஞர் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"தம்பி, தண்ணி ஊத்திறாதீங்க. டிஸ்க் கோணிக்கிரும். தானா ஆறட்டும்" என்றார் டீ மாஸ்டர்.

"பிரேக்கே பத்தலண்ணே. ஊருக்குப் போனதும் பெருசா மாத்தணும்."

"எந்த கியர்ல வந்தீங்க?"

"நாலுலதான். ஏன்?"

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. பாலை ஆற்றப் போய்விட்டார்.

அந்த இளைஞரின் கேள்விக்குப் பதில்தான் இந்த அத்தியாயம். பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிபர், சிவப்புப் பெயிண்ட் என்று கடைக்காரர் காட்டுவதெல்லாம் நல்ல பொருள்தான். ஆனால் அது உங்கள் வண்டிக்கு வேண்டுமா என்பதைக் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. மலையில் இறங்கித்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் சரியான கியரில் இறங்கி.

சூடு எங்கே போகிறது

கொடைக்கானல் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும்போது சுமார் 1,800 மீட்டர் கீழே வருகிறீர்கள். ஆட்களும் சாமானும் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால் 2.3 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். இந்த எண் மனதில் நிற்காது என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாண வீட்டு அண்டாவில் 78 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. இன்னொரு கணக்கு: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதே காரை ஒரு தடவை நிறுத்த 5 லட்சம் ஜூல். ஆக ஒரு முறை மலை இறங்குவது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் 46 தடவை பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குச் சமம்.

இதில் ஒரு பங்கு டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் போய்விடும். மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டுமா, டிஸ்க் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பது உங்கள் இடது கையில் இருக்கிறது. இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, விசிறி இருக்கிறது, லிட்டர் கணக்கில் கூலன்ட் ஓடுகிறது. டிஸ்க்குக்கு இருப்பது அதைத் தொட்டுப் போகும் காற்று மட்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்றும் பெரிதாக வராது.

வளைவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கொண்டை ஊசி வளைவுக்கு முன் 50-இலிருந்து 20-க்குக் குறைக்கிறீர்கள். சுமார் ஒரு லட்சம் ஜூல். அழுத்துகிற பிரேக்கில் முன்சக்கரங்கள் ஏறத்தாழ எழுபது சதவீதத்தைத் தாங்கும். ஆறு கிலோ எடையுள்ள ஒரு முன் டிஸ்க் ஒவ்வொரு வளைவுக்கும் 13 டிகிரி வாக்கில் ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் ஆறிவிட்டால் கவலையில்லை. ஆனால் இடைப்பட்ட தூரத்தையும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. பத்து வளைவில் நூறு டிகிரியைத் தாண்டிய கூடுதல் சூடு. மஞ்சள் காருக்கு நடந்தது அதுதான்.

இந்தச் சாலையில் நிதானம் தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மேஜர் லா என்பவரின் பெயரால் 'லாஸ் காட்' எனப்படும் வத்தலக்குண்டுச் சாலை செங்குத்தாக இராது. நீளமாக, நிதானமாக இறங்கும். பெருமாள்மலை வரை, ஊத்து வரை, டம்டம் பாறை வரை என்று பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாலும் வண்டி சொன்னபடி கேட்பதுபோலத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கேட்கும், அதற்கப்புறம்தான் கேட்காது. பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கும் சாலை அப்படியல்ல. கொடைக்கானலிலிருந்து பழனி வரை அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். குறுகல், நெருக்கமான வளைவுகள், மழைக்காலத்தில் சவரிக்காட்டுப் பக்கம் மண் சரியும். அங்கே பயம் முதல் வளைவிலேயே வந்துவிடுவதால் ஓட்டுநர் தானாகவே கியரைக் குறைத்துவிடுகிறார். என் பார்வையில் பிரேக்கைச் சோதிக்கிற சாலை வத்தலக்குண்டுச் சாலைதான்.

என் பெடல் தரையைத் தொட்ட நாள்

சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானும் தவறான பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன். டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தேன். முந்தைய உரிமையாளர் இன்ஜினை ரீமேப் செய்து வைத்திருந்தார். டிசம்பர் மாதம், நான்கு பேர், டிக்கி நிறைய மலைப்பூண்டும் கேரட்டும். ஊத்தைத் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்தேன். முந்தவும் முடியாது, நிற்கவும் மனமில்லை. கால் பிரேக்கிலேயே இருந்தது. லாரி விலகியதும் வேகம் எடுத்து அடுத்த வளைவுக்கு மிதித்தேன். பெடல் பஞ்சுமூட்டைபோல உள்ளே போனது. பாதியில் நிற்கும் என்று பார்த்தால் தரை வரை போனது.

நான்கைந்து தடவை வேகமாக அடித்து மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியரைப் போட்டேன்; இன்ஜின் அலறியது. மலைப்பக்கம் ஓடை ஓரமாக வண்டியை உரசவிட்டு நிறுத்தினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மாமா, "என்னப்பா, ஒண்ணுக்குப் போகணுமா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. எதுவுமே நடக்காததுபோல.

மறுநாள் ஒரு பெரிய ஊரில் பளபளப்பான கடை ஒன்றுக்குப் போனேன். ரீமேப் செய்த வண்டிக்குக் கம்பெனி பிரேக் தாங்காது, பெரிய கிட் போட வேண்டும் என்றார்கள். முன்பணமும் கட்டினேன். பொருள் வர இரண்டு மாதம் ஆகும் என்பதால் அதுவரை ஓட்ட வேண்டுமே என்று வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, காலிபரின் நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, என்னை உள்ளே உட்கார்ந்து மிதிக்கச் சொன்னார். பாட்டிலில் விழுந்தது கடுங்காப்பி.

"இது எத்தனை வருசத்து ஆயிலுங்க சார்?"

தெரியாது என்றேன். பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது இளமஞ்சளாக, நல்லெண்ணெயைவிடத் தெளிவாக இருக்கும். அன்று மாற்றியது டாட் 4 ஆயிலும் முன் பேடும் மட்டும். அடுத்த மாதம் அதே வண்டி, அதே எடை, அதே இறக்கம். இந்த முறை இரண்டாவது, மூன்றாவது கியர். பெடல் அசையவில்லை. கிட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் திரும்பவில்லை, அந்தப் பணத்துக்கு இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1-க்கு 260, 180. தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவுகள் இவை. நல்ல தயாரிப்புகள் இதற்கு மேலேயே நிற்கும். காலிபருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழி மறையும், பெடல் திரும்பும், குற்றவாளி தப்பிவிடுவான்.

கொடைக்கானல் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அது இருக்கிறதா என்று வழியில் கேட்பார்கள். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை. டாட் 5 என்று ஒரு சிலிக்கான் ஆயில் இருக்கிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு அது ஆகாது.

கால் சொல்லும் நோய்

பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் அல்ல. பெடல் மெத்தென்று தரைக்குப் போனால் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது குழாயில் காற்று இருக்கிறது. பெடல் கல்லாக நிற்கிறது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பேடு தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. அதன் மேல்பரப்பு கண்ணாடிபோல ஆகியிருக்கும். 'கிளேஸ் ஆகிருச்சு' என்பார்கள். பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்கினால், சூடான டிஸ்க்கில் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கலாம். பெரும்பாலும் 'டிஸ்க் பெண்டு' என்று சொல்லி லேத்துக்கு அனுப்புவது இதைத்தான்.

இந்தத் திட்டு எப்படி உண்டாகிறது தெரியுமா? சீசன் நெரிசலில்தான். சூடாக இறங்கி வந்து, வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கிறோம். பேடு ஒரே இடத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல டிஸ்க்கில் பதிகிறது. சமதளமான இடமாக இருந்தால், வண்டியை முதல் கியரில் போட்டு இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். சரிவில் நிற்க வேண்டியிருந்தால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லைச் சாலை நடுவில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரை நினைத்து ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் தவறாகப் புரிந்துகொள்வது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும்போது பெடல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும். அது பழுதில்லை. நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சர்வோ, ஒருபக்க வெற்றிடத்துக்கும் மறுபக்கக் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேலை செய்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. உதவி குறைகிறது, கால் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து வந்தவர்கள் இதை வைத்துப் பிரேக் கிட் ஆர்டர் செய்ய வேண்டாம்.

நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரிபொருள் மிச்சமாகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பெட்ரோல் பாய்வது அநேகமாக நின்றுவிடும்; நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மிதிக்கப்புறம் சர்வோவும் இல்லை, ஸ்டியரிங் உதவியும் இல்லை.

முதலில் டயரைக் கேளுங்கள்

இனி கிட்டுக்கு வருவோம். ஆள் நடமாட்டமில்லாத சமவெளிச் சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 60 வேகத்தில் பிரேக்கைக் கெட்டியாக மிதியுங்கள். பெடல் கடகடவென்று அதிர்ந்து ஏபிஎஸ் வேலை செய்தால் செய்தி தெளிவு: டயரின் பிடிமானத்தைவிட உங்கள் பிரேக்கின் பலம் ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிபர் போட்டாலும் வண்டி ஓர் அடிகூட முன்னதாக நிற்காது. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இந்தச் சோதனையை அநேகமாக எல்லோரும் செய்யலாம்.

ஒரு தடவை நிறுத்துவது டயர். திரும்பத் திரும்ப நிறுத்துவதுதான் பிரேக். பெரிய டிஸ்க் உங்களுக்கு விற்பது சூட்டைத் தாங்கும் சக்தியை. நிறுத்தும் தூரத்தை அல்ல. மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலை மேல் வழுக்கும் வண்டிக்குப் பெரிய காலிபர் ஒன்றும் செய்யாது, நல்ல டயர் செய்யும். தேய்ந்த டயரோடு பிரேக் கிட் விலை விசாரிப்பவரை நான் இரண்டு பேராவது பார்த்திருக்கிறேன்.

டயர் சரி, ஆயில் புதிது என்றால் அடுத்தது காலிபரின் ஸ்லைடு பின்கள். நம் ஊர்த் தூசியிலும் கழுவல் தண்ணீரிலும் அவை இறுகிப்போகும். ஒரு பக்கப் பேடு சதா டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். கழற்றி, சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவ அரை மணி நேர வேலை. பேடு புதிதில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது பொது விதி. மலைக்குப் போவதாக இருந்தால் நான் பாதிக்குக் கீழே வைப்பதில்லை. மெலிந்த பேடு சூட்டைத் தடுக்காமல் நேரே காலிபருக்கு அனுப்பிவிடும். டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள். அளந்து பாருங்கள், கண்ணால் நிதானிக்க வேண்டாம். பேடை மாற்றும்போது ஒரு படி மேலான சாலைப் பேடு போட்டுக்கொள்வதில் தவறில்லை. பெயர் தெரியாத டப்பாவைவிடக் கம்பெனிப் பேடே மேல். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் என்று இந்தத் தொழிலே நம் மாநிலத்தில்தான் வேர்விட்டிருக்கிறது; நல்ல பேடு கிடைக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

ரேஸ் பேடு மட்டும் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும். ஜனவரி விடியலில், ஒற்றை இலக்க டிகிரிக் குளிரில், கொடைக்கானல் விடுதி வாசலிலிருந்து இறங்கும் முதல் வளைவில் உங்களுக்கு வேண்டியது குளிரிலும் கடிக்கும் பேடு. அதுபோலவே துளையிட்ட டிஸ்க்: பார்க்க அழகு, துளையைச் சுற்றி விரிசல் விடும். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. இரண்டும் இல்லாத வெறும் டிஸ்க்தான் என் வண்டியில் இருக்கிறது.

யாருக்கு உண்மையில் வேண்டும்

கம்பெனியிலிருந்தே ஸ்போர்ட்ஸ் காராக வந்த வண்டிக்கு மலைக்காகக் கிட் போடவே வேண்டாம். ஜெர்மன் ஆட்டோபானில் 200-க்கு மேல் ஓடி நிற்கும்படி வடிவமைத்த பிரேக்குக்குப் பெருமாள்மலை இறக்கம் ஒரு பொருட்டில்லை. ஆயிலும் பேடும் புதிதாக இருந்தால் போதும்.

ரேஸ் டிராக் என்றால் கதை வேறு. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் இருக்கிறது. அங்கே நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் அதே 1,300 கிலோ காரை 180-இலிருந்து 60-க்கு ஐந்து விநாடியில் இறக்கினால், விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் பிரேக்கில் இறங்கும். மலையிறக்கத்தை ஒன்றரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 4,300 ஜூல்கூட வராது. மலைச் சூடு இட்லிப் பானை. டிராக் சூடு தாளிப்புக் கரண்டி. இட்லிப் பானைக்கு அடுப்பைத் தணித்தால் போதும், அதாவது கியரைக் குறைத்தால் போதும். தாளிப்புக் கரண்டிக்குக் கனமான இரும்பு வேண்டும். மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறவர் தாராளமாகப் பெரிய டிஸ்க் போடலாம். வருடத்துக்கு இரண்டு தடவை கொடைக்கானல் போகிறவர் அந்தப் பணத்துக்கு வேறு செலவு பார்க்கலாம்.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: நான் வைத்திருந்ததுபோல இன்ஜினை மட்டும் முறுக்கேற்றிய வண்டிகள். குதிரைத்திறன் கூடியதால் ஏறும் வேகம் கூடும், வளைவுக்கு வளைவு கொட்ட வேண்டிய சூடும் கூடும். ஆயில், பின், பேடு எல்லாம் சரிசெய்து, சரியான கியரில் இறங்கிய பிறகும் பெடல் தளர்கிறது என்றால் அவர்கள் அடுத்த படி ஏறலாம். அந்த அடுத்த படிகூட முழுக் கிட் அல்ல. அதே மாடலின் மேல் வேரியன்ட்டில் பெரிய டிஸ்க் இருந்தால் அந்தக் கம்பெனிப் பாகங்கள் பல நேரம் அப்படியே பொருந்தும், ஏபிஎஸ்ஸும் குழம்பாது.

பிரீமியர் பத்மினி, பழைய அம்பாசிடர் வைத்துப் பராமரிப்பவர்களை மறக்கவில்லை. நான்கு சக்கரமும் டிரம். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் பயணம் நீளும், உள்ளே அடைபட்ட சூடு வெளியேறவும் வழியில்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றுவது நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் ஒரே மாற்றம். தெரிந்த கையால் செய்ய வேண்டும்.

கிட் என்றே முடிவானால்

பணம் கட்டுமுன் ஸ்டெப்னியை எடுத்து முன்சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள், அல்லது கடைக்காரரிடம் காலிபரின் வெளி அளவைக் கேட்டு ஸ்டெப்னியின் உள்விட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. பெரிய காலிபர் அலாய் வீலுக்குள் அடங்கும். டிக்கியிலிருக்கும் சின்ன இரும்பு ஸ்டெப்னிக்குள் அடங்காது. சவரிக்காட்டுப் பக்கம் இரவு ஒன்பது மணிக்கு முன்டயர் பஞ்சர் ஆகும்போது இது தெரியவந்து பயனில்லை.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர். காலிபரின் பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். முன்னால் மட்டும் பிடிமானம் கூடினால் பின்பிரேக் சும்மா இருக்கும், மொத்தத்தில் நிறுத்தும் தூரம் கூடக்கூடும். உங்கள் மாடலுக்கென்றே கணக்கிட்டுச் செய்த கிட்டா, எல்லா வண்டிக்கும் பொருந்தும் பிராக்கெட்டா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இன்னும் இறுக்கமாகவே படித்தது. பேடும் ஆயிலும் பராமரிப்பு. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். காலிபரும் சக்கர அளவும் மாறினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி உள்ள வண்டியில் கை வைக்காமலிருப்பது நல்லது.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று உட்கார வேண்டும். சமவெளியில், விடிகாலையில், 60-இலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறவிட்டு, பத்துத் தடவை. முழுதாக நிறுத்தக்கூடாது. பேடு மாற்றிய அன்றே நேராக மலை ஏறுகிறவர்கள், புதுச் செருப்போடு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்களைப் போல.

பிறகு ஒரு சோதனை இறக்கம். வார நாளில், செண்பகனூரிலிருந்து தொடங்குங்கள். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியர் இறங்கும்போதும். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு அல்லது எல். வளைவுக்கு முன் அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள், தடவிக்கொண்டே வராதீர்கள். எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிடுவது விதி. நின்ற இடத்தில் ஆறவும் நேரம் கிடைக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை, டம்டம் பாறை, காமக்காபட்டி என்று நான்கு இடத்தில் பாதுகாப்பாக ஓரங்கட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பளபளக்கும் இரும்பில் அந்தக் கருவி குறைத்தே காட்டும் என்பதால் எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள்: ஒரு சக்கரம் மட்டும் தனித்துச் சூடாக இருந்தால் காலிபர் இறுகியிருக்கிறது. இரு முன்சக்கரமும் நீலம் பாய்ந்து, பெடலும் தளர்ந்தால்தான் பெரிய டிஸ்க் பேச்சு.

மின்சாரக் கார்க்காரர்கள் கொடைக்கானல் விடுதியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் ரீஜென் மின்சாரத்தை நிறைந்த பேட்டரி வாங்காது, சுமை முழுதும் டிஸ்க்குக்கு வரும். எண்பத்தைந்தில் கிளம்புங்கள், காட்ரோட்டில் பார்த்தால் கூடியிருக்கும்.

கிட் போட்டுவிட்டீர்கள் என்றால், கழற்றிய காலிபரையும் டிஸ்க்கையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஆயில் துளைகளை அடைத்து, துணியில் சுற்றி, வலது இடது என்று எழுதிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்பார்.